கடைசிக் குறியை விழுங்கச் சொல்பவர்கள்

எனக்கு அரபு இலக்கணத்தில் முதல் உருப்படியான பாடம் எடுத்தது ஒரு பக் டிக்கெட்.

ஓர் இணையப் புத்தகக்கடையின் செயலிக்கு அரபுப் பதிப்பு செய்துகொண்டிருந்தோம். சென்னையில் எழுதுவோம், கெய்ரோவில் சோதிப்பார்கள். எண்ணிக்கை விஷயத்தில் அரபு கொஞ்சம் படுத்தும் என்று தெரியும். யூனிகோடின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் ஆங்கிலத்துக்கு ஒருமை, பன்மை என இரண்டே வகை. அரபுக்கு ஆறு: பூஜ்யம், ஒன்று, இரண்டு, 3 முதல் 10, 11 முதல் 99, பிறகு நூறு போன்ற மற்றவை. மொழிபெயர்ப்பாளரிடம் ஆறையும் கேட்டு வாங்கி அட்டவணை போட்டேன். 3 என்றால் ‘குதுப்’, 11 என்றால் ‘கிதாபன்’, 100 என்றால் ‘கிதாப்’. இரண்டுக்கு எண்ணே தேவையில்லை, ‘கிதாபான்’ என்றாலே இரண்டு புத்தகம். அந்த ஒரே அட்டவணையை எல்லா வாக்கியங்களுக்கும் மாட்டிவிட்டேன். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது எங்கள் தொழிலில் பாவம்.

இரண்டு நாளில் டிக்கெட் வந்தது. ‘கூடையில் இரண்டு புத்தகங்கள் உள்ளன’ என்ற வாக்கியம் சரி. ‘நீங்கள் இரண்டு புத்தகங்கள் வாங்கினீர்கள்’ தவறு. முதலாவதில் ‘கிதாபான்’, இரண்டாவதில் ‘கிதாபைன்’. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: மன்ஸூப்.

அன்றைய வீடியோ காலில் டெஸ்டரிடம் கேட்டேன், “உங்க ஊர்ல பேசும்போது இப்படி மாத்தி மாத்தியா சொல்வீங்க?” சிரித்துவிட்டார். பேச்சில் இரண்டு இடத்திலும் ‘கிதாபேன்’தானாம். “அப்புறம் எதுக்கு டிக்கெட்?” என்றேன். “பேசறது வேற. திரையில இப்படிப் பார்த்தா கண்ணை உறுத்துது” என்றார்.

அப்போது நான் அரபு கற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வசூல், பாக்கி, ரத்து, ஆஜர் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் கேட்டு வளர்ந்த சொற்களெல்லாம் அரபு வேர் கொண்டவை என்று எங்கோ படித்ததில் பிறந்த ஆசை. இரண்டு வருடமாக ஒரு செயலி, ஒரு இணைய வகுப்பு, சில யூட்யூப் வாத்தியார்கள். ‘மன்ஸூப்’ என்ற சொல்லை இவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, என் நன்மைக்காகவாம்.

*

அரபு கற்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்தில் ஓர் அறிவுரை கிடைக்கும். “இஃராபை இப்போதைக்கு விட்டுடுங்க. அரபுக்காரங்களே அதைப் பேசறதில்ல. வார்த்தையைக் கத்துக்கங்க, கடைசிக் குறியை விழுங்கிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.”

இஃராப் என்பது ஒரு சொல், வாக்கியத்தில் அது வகிக்கும் இடத்துக்கு ஏற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்வது. பெயர்ச்சொல்லுக்கு மூன்று நிலை. ரஃப்உ, நஸ்பு, ஜர்ரு. சாதாரணச் சொற்களில் முறையே உ, அ, இ என்ற குற்றுயிர் ஈற்றில் வரும். நம் ஊர் மக்தபுகளில் பிள்ளைகள் பேஷ், ஜபர், ஜேர் என்று ராகம் போட்டுப் படிக்கும் அதே மூன்று குறிகள். ‘ஒரு’ என்ற பொருள் வரும்போது கூடவே ஒரு ‘ன்’ ஒலிக்கும். கிதாபுன், கிதாபன், கிதாபின். இந்தக் குறிகளை அரபு எழுத்தில் பெரும்பாலும் எழுதுவதில்லை. குர்ஆனிலும் குழந்தைகள் புத்தகத்திலும் இருக்கும். செய்தித்தாளில், நாவலில், வாடகை ஒப்பந்தத்தில் இருக்காது.

‘எழுதுவதில்லை, பேசுவதில்லை, பிறகு எதற்கு?’ கேட்க நியாயமாக இருக்கிறது. இரண்டு வருடம் நானும் அதை நம்பினேன். அதன் பலன், சுமார் ஆயிரம் சொற்கள் தெரிந்த நான் ஒரு செய்திப் பத்தியைத் தனியாகப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியும், யார் யாரை என்ன செய்தார் என்று மட்டும் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த அறிவுரை தலைகீழானது. கடைசிக் குறி இல்லாமல் சமாளிக்கக் கூடியவர் அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருக்கு வாக்கியம் முடியும் முன்பே அர்த்தம் வந்துவிடும். ஊர்க்காரருக்குத் தெருப் பெயர்ப்பலகை வேண்டாம். அவர் பலகையைப் பார்ப்பதில்லை என்பதற்காக, நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவனிடம் ‘பலகையெல்லாம் படிக்காதே’ என்பது என்ன உபகாரம்?

*

முதலில், ‘எழுதுவதில்லை’ என்பதே பாதி உண்மை. குற்றுயிர்க் குறிகளைத்தான் எழுதுவதில்லை. இருமையில், ஆண்பால் முறைப்பன்மையில் இஃராப் முழு எழுத்தாகவே வரும். என் டிக்கெட்டில் வந்தது அதுதான். அதில் விட்டுவிடவோ விழுங்கவோ ஒன்றுமில்லை, அலிஃபா யாவா என்று தட்டச்சு செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்று பாருங்கள். ‘காபல’ என்றால் ‘சந்தித்தார்’. முஹந்திஸ் பொறியாளர், முதீர் மேலாளர்.

காபலல் முஹந்திஸூனல் முதீர: பொறியாளர்கள் மேலாளரைச் சந்தித்தார்கள்.

காபலல் முஹந்திஸீனல் முதீரு: பொறியாளர்களை மேலாளர் சந்தித்தார்.

வினை முன்னால் வந்தால் எழுவாய் பன்மையானாலும் அது ஒருமையிலேயே நிற்கும், அதனால் வினையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல் வரிசையும் ஒன்றே. ‘ஸூ’வா ‘ஸீ’யா, அதாவது அச்சில் வாவா யாவா என்ற ஒரே எழுத்தில் வாக்கியம் திரும்புகிறது. இஃராபை ஒத்திப்போட்ட மாணவனுக்கு இவை இரண்டும் ‘பொறியாளர்கள் என்பதன் இரண்டு பன்மை’. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், “ரெண்டும் ஒண்ணுதான், பேச்சுல ‘ஈன்’ போதும்” என்று. பொறியாளர்கள் போய் மேலாளரைச் சந்திப்பதும், மேலாளர் பொறியாளர்களை அழைத்துச் சந்திப்பதும் ஒன்றா என்று ஆள்குறைப்பு நடக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, எழுதாத குறிக்கு வருவோம். பாப் என்றால் கதவு, பைத் என்றால் வீடு, கபீர் என்றால் பெரிய. ‘பாபுல் பைத்தில் கபீர்’ என்று நிறுத்திவிட்டால் பெரியது எது? கதவா, வீடா? அரபில் பெயரடை பின்னால் வரும், இரண்டுக்குமே பொருந்தும். ‘கபீரு’ என்றால் பெரிய கதவு, ஏனென்றால் ‘பாபு’வோடு ஒத்துப்போகிறது. ‘கபீரி’ என்றால் பெரிய வீடு, ‘பைத்தி’யோடு ஒத்துப்போகிறது. அச்சில் அந்த உ, இ தெரியாதே, அப்புறம் எப்படி உதவும் என்று கேட்கலாம். அச்சில் தெரியாதுதான். ஆனால் அந்த இடத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிந்தவன் ‘இங்கே ருவா, ரியா?’ என்று நிற்கிறான். நின்றதும் முன்னும் பின்னும் பார்க்கிறான். தெரியாதவன் நிற்பதே இல்லை, தோன்றிய முதல் அர்த்தத்தோடு போய்விடுகிறான். அவன் தப்பாகப் படித்ததுகூட அவனுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு சொத்து இருக்கிறது. நமக்கு மெய்யோடு உயிரை எழுதாமல் விடவே வராது. ர், ர, ரி, ரு என்று நான்கும் நான்கு எழுத்து நமக்கு. ‘கடைசிச் சத்தம் முக்கியமில்ல’ என்பது நம் கைக்கும் கண்ணுக்கும் பழக்கமே இல்லாத பேச்சு. அரபு வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இஃராப் தானாக வந்து உட்கார்ந்துவிடும், உட்காராமல் வாக்கியத்தை எழுதவே முடியாது. தற்செயலான ஒரு பரிசும் உண்டு. ‘கிதாபின்’ என்பது அரபில் ஜர்ரு வடிவம், ஒரு புத்தகத்தின் என்ற உறவைச் சொல்லவும் வருவது. தமிழில் ‘கிதாபின்’ என்றாலும் அதேதான். இரண்டு மொழிக்கும் இதில் உறவு ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு ஜர்ரு மறக்கவே மறக்காது.

*

எதிர்த் தரப்பில் வெறும் யூட்யூப் வாத்தியார்கள் மட்டும் இல்லை, பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். பெண் விடுதலைக்காக எழுதிய எகிப்தியச் சிந்தனையாளர் காசிம் அமீன், 1908இல் மறைந்தவர், ஈற்றுக் குறிகளையெல்லாம் எடுத்துவிட்டு மெய்யோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர். அவருடைய வாதம் பிரபலமானது. மற்ற மொழிக்காரர்கள் படித்துப் புரிந்துகொள்கிறார்கள், அரபுக்காரர் மட்டும் முதலில் புரிந்துகொண்டால்தான் சரியாக வாசிக்க முடிகிறது என்பது அதன் சாரம்.

சத்தமாக வாசித்து ஒப்பிக்க வேண்டிய ஒரு பள்ளிப் பிள்ளைக்காக அது நியாயமான முறையீடு. அந்தப் பிள்ளைக்காக நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் என்னைப் போன்ற வெளியாளுக்கு அந்தக் குற்றச்சாட்டே நற்சான்றிதழாகத் தெரிகிறது. புரிந்தால்தான் வாசிக்க முடியும் என்றால், சரியாக வாசிக்கிறேனா என்பதே புரிந்ததா என்பதற்கான சோதனை. கடைசிக் குறியோடு ஒரு வரியை வாசிக்க முயன்றால், எனக்குப் புரியாத இடம் எது என்று அந்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். வேறெந்த மொழியில் இப்படி ஓர் இலவசப் பரிசோதனை கிடைக்கும்?

‘அரபுக்காரர்களே பேசுவதில்லை’ என்பதும் உண்மைதான். வட்டார வழக்குகளில் இஃராப் கிடையாது. செந்தரப் பேச்சிலும் நிறுத்தும் இடத்தில் ஈற்றுயிர் விழும், இலக்கணமே அதை அனுமதிக்கிறது. பெரும்பாலான வாக்கியங்களில் சொல் வரிசையே போதும், குறி போனாலும் குடி முழுகாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். பேச மட்டும் விரும்புகிறவர் எகிப்திய வழக்கையோ வளைகுடா வழக்கையோ நேராகக் கற்கட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. என் சண்டை, எழுத்து அரபு கற்பிக்கிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு அதன் எலும்பை உருவிவிட்டுக் கொடுப்பவர்களோடு. மாணவனிடம் இருப்பது வழக்கும் இல்லை, செந்தரமும் இல்லை. எந்த ஊரிலும் யாரும் பேசாத, எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதாத ஓர் அரபு. பேச்சில் இரண்டு இடத்திலும் ‘கிதாபேன்’ என்று சொல்லும் அந்த டெஸ்டருக்கே என் திரை கண்ணை உறுத்தியதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

*

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. எல்லா அட்டவணையும் மனப்பாடமான பிறகே முதல் வாக்கியம் என்பவர்கள். முதல் கூட்டம் உருவானதே இவர்களைக் கண்டு பயந்துதான் என்று நினைக்கிறேன்.

ஃபெஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம், 1323இல் இறந்தவர், எழுதிய ஆஜுர்ரூமிய்யா எழுநூறு வருடமாகத் தொடக்க நூலாக ஓதப்படுகிறது. சில பக்கங்களே கொண்ட அற்புதமான சுருக்கம். ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள். இஃராப் என்றால் என்ன என்று சொன்ன உடனே அதன் அடையாளங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. உகரத்துக்குப் பதில் வாவ் வரும் ஐந்து பெயர்கள், அகரத்துக்குப் பதில் இகரம் ஏற்கும் பெண்பால் பன்மை, ‘ன்’ ஏற்காத பெயர்கள் என்று விதிவிலக்குகள் வரிசையாக. எழுவாய் என்ற பாடம் அதற்கெல்லாம் பிறகு. நூலைக் குறை சொல்லவில்லை. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க, மனனம் செய்ய எழுதப்பட்டது அது. ஆசிரியர் இல்லாமல் அந்த வரிசையை மட்டும் பிடிஎஃப் அட்டவணையாக்கி அனுப்புகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

டிக்கெட் வந்த பிறகு நான் தேடிப் போனது திருவல்லிக்கேணியில் ஓய்வில் இருந்த ஒரு மதரஸா ஆசிரியரை. முதல் நாள் என் அட்டவணைகளைக் காட்டினேன். ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அல்பைத்து கபீருன், வீடு பெரியது.

“இதுல ‘கான’ போடுங்க தம்பி.”

கானல் பைத்து கபீரன். வீடு பெரியதாக இருந்தது.

“என்ன மாறிச்சு?”

“ருன் போய் ரன் ஆச்சு, ஹஜ்ரத்.”

“யாரு மாத்துனது?”

“கான.”

“இப்ப கானவை எடுத்துட்டு ‘இன்ன’ போடுங்க.”

இன்னல் பைத்த கபீருன். வீடு பெரியதேதான். இந்த முறை மாறியது முதல் சொல்.

“கடைசியில என்ன குறின்னு கேக்காதீங்க. இந்தச் சொல்லுக்கு யாரு ஆமில்னு கேளுங்க. ஆமில் தெரிஞ்சா குறி தானா வரும்.”

ஆமில் என்றால் வேலை செய்வது. ஒரு சொல்லின் ஈற்றை ஆளும் இன்னொரு சொல். அதன் பிறகு மூன்று மாதம் எல்லா வாக்கியத்திலும் அதே கேள்விதான். இது எது? எந்த நிலை? எதனால்? அடையாளம் என்ன? மதரஸா மாணவர்கள் ஒரே ராகத்தில் ஒப்பிப்பதைக் கேட்டு ‘மக்கப்’ என்று நாம் சிரிக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் கோட் ரிவ்யூ என்று நடப்பதில் பாதிக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

ஆமில் கோட்பாட்டுக்கும் எதிரிகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் குர்துபாவின் இப்னு மளா இலக்கணவாதிகளை மறுத்துத் தனி நூலே எழுதினார். ஒரு சொல் இன்னொன்றை ஆள்வதாவது, பேசுகிறவன்தான் மாற்றுகிறான் என்பது அவர் கட்சி. அவர் எதிர்த்தது விளக்கத்தை, குறியை அல்ல. 1937இல் இப்ராஹீம் முஸ்தஃபா என்ற எகிப்தியப் பேராசிரியர் ‘இஹ்யாஉந் நஹ்வு’ நூலில் இன்னும் எளிமையாக்கினார். உகரம், யாரைப் பற்றிய செய்தி என்பதன் அடையாளம். இகரம், சார்ந்து நிற்பதன் அடையாளம். அகரத்துக்குத் தனி அர்த்தமில்லை, நாவுக்கு எளிதான மிச்சம். ‘இன்ன’வுக்குப் பின் வரும் அகரத்தை வைத்தே இதை மடக்கலாம், மறுத்தவர்களும் உண்டு. ஆனால் முதல் மாதத்துக்கு இதைவிட நல்ல ஊன்றுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

குறிப்பாகத் தமிழர்களுக்கு இது உதவும். ‘நஸ்பு என்றால் இரண்டாம் வேற்றுமை’ என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். நம் ஐ, ஆல், கு ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமக்கிறது. அரபில் அந்தச் சுமையின் பெரும்பகுதி முன்னிடைச் சொற்களில். முன்னிடைச் சொல் எதுவானாலும் பின்னால் ஜர்ருதான். நஸ்பு செயப்படுபொருளுக்கும் வரும், நேரத்துக்கும் வரும், ‘கான’வின் பயனிலைக்கும் வரும், பதினொரு புத்தகத்துக்கும் வரும். ஆகவே இடத்தைக் கேட்க வேண்டும், அர்த்தத்தை மட்டும் கேட்டால் போதாது.

*

ஸீபவைஹி கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழுமையான அரபு இலக்கணத்தை 8ஆம் நூற்றாண்டில் எழுதியவர். ஷீராஸ் பக்கத்துப் பாரசீகர், பஸ்ராவுக்குப் படிக்க வந்தவர். மரபு சொல்லும் கதை இது: ஹம்மாது இப்னு ஸலமாவிடம் ஹதீஸ் பாடம் கேட்கும்போது, ‘அபா’ என்று வர வேண்டிய ஒரு பெயரை ‘அபூ’ என்று வாசித்துவிட்டார். தப்பு என்று ஆசிரியர் சபையிலேயே திருத்தினார். இனி என்னை யாரும் தப்பு சொல்ல முடியாத ஒரு கல்வியைக் கற்கிறேன் என்று எழுந்து கலீலிடம் போனாராம்.

கதையில் எவ்வளவு உண்மையோ. ஆனால் அரபு உலகம் தன் இலக்கணத்தின் தலைமகனைப் பற்றி ஆயிரம் வருடத்துக்கு மேல் சொல்லிவரும் கதை, ஒரு வெளியூர் மாணவன் செய்த இஃராப் பிழையைப் பற்றியது. அன்று அந்த ஆசிரியர் ‘பரவாயில்லப்பா, நீ பாரசீகன், அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தட்டிக்கொடுத்திருந்தால்?

எனக்கு வலிப்பது அந்தத் தட்டிக்கொடுத்தல்தான். வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு ‘அம்பது வார்த்தை போதும்’ என்கிறோம். ஐந்து வருட வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கும் தாள் அரபில் இருக்கும், அவன் பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் அரபு. என்னைப் போன்ற பொழுதுபோக்கு மாணவனுக்கு ‘ஜாலியா கத்துக்கலாம்’ என்கிறோம். இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே எண்ணம்: இவனால் முடியாது, இவனுக்கு இது எதற்கு. கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொடுப்பது மரியாதை. கஷ்டமே இல்லை என்று சொல்லி ஒளித்துவைப்பது மரியாதை இல்லை.

எல்லாவற்றையும் முதல் நாளே கற்க வேண்டாம். ஐந்து பெயர்களும் ‘ன்’ ஏற்காத பெயர்களும் ஈற்றில் குறி தெரியாமல் மறையும் சொற்களும் காத்திருக்கட்டும், ஒரு வருடம்கூடக் காத்திருக்கட்டும். ஆனால் ‘பைத்’ என்று மொட்டையாகக் கொடுக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே ‘பைத்து’ என்று கொடுங்கள். இரண்டாவதில் ‘ஃபில் பைத்தி’, வீட்டில், என்று கொடுத்து ஏன் மாறியது என்று கேளுங்கள். நாற்பது வயதுக்காரனுக்கும் அது புரியும்.

அந்தச் செயலியில் அட்டவணையைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆறு வடிவத்திலும் முழுதாக மொழிபெயர்ப்பாளரிடமே எழுதி வாங்கினேன். இருமடங்கு வேலை, கோடு கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டை மூடும்போது காரணம் என்ற கட்டத்தில் நானும் எழுதினேன்: கிதாபைன், மன்ஸூப், செயப்படுபொருள், ஆமில் ‘வாங்கினீர்கள்’ என்ற வினை, அடையாளம் யா. பதிலுக்கு டெஸ்டர் வேறொரு வாக்கியத்தைச் சுட்டி அடுத்த டிக்கெட்டைத் திறந்தார். அதுவும் நஸ்புதான். இந்த முறை ஏன் என்று அவர் எழுதவில்லை, எழுத வேண்டியும் இருக்கவில்லை.